ஒரு றாத்தலுக்கு ஓர் அங்குலம்

தம்பிக்கு மூன்றரை மாதமானபோது அப்பா அவனைக் கொக்குவில் ரயில் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்சல் தராசில் ஏற்றினார். பிள்ளைக்கு ரயில் காட்டிவிட்டு வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தோம். தராசுக்குப் பக்கத்தில் கொழும்புக்குப் போகவிருந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடை ஒன்றும் புகையிலைச் சிப்பம் ஒன்றும் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. அப்பா முதலில் தம்பியை நெஞ்சோடு அணைத்தபடி ஏறி நின்றார். பிறகு அவனை என் கையில் தந்துவிட்டுத் தனியாக ஏறி நின்றார். இரண்டையும் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதிக் கழித்தார். பதினொரு றாத்தல். அப்பாவின் சிநேகிதரான ஸ்டேஷன் மாஸ்டர், லேபலும் ஒட்டட்டோ என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையை நிறுப்பது சும்மா செய்யிற காரியமல்ல. பிள்ளை கொழுத்திருக்கிறது என்று வாயால் சொன்னாலே நாவூறு பட்டுவிடும். அதை எண்ணாக்கி எழுதினால் கேட்கவும் வேண்டுமா. அம்மா இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. பிள்ளைகளை நிறுக்க வரச்சொல்லி மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போன நாட்களில் எல்லாம் அம்மாவுக்குத் தலையிடி வந்துவிடும். அப்பா நேரடியாகக் கேட்டும் பார்த்தார்.

"பிள்ளையை நிறுக்கிறதோ? உங்களுக்கென்ன, அவன் புளியே?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகுதான் ரயில் காட்டும் யோசனை வந்தது.

அப்பாவுக்குத் தம்பியின் நிறை எதற்கு என்று சொல்ல வேண்டும். அவர் கொழும்பில் ரயில் வேலைத்தலத்தில் படம் வரைகிறவர். பெட்டிகள், சில்லுகள், ஸ்பிரிங்குகள் எல்லாவற்றுக்கும் அளவு போட்டு வரைவதுதான் உத்தியோகம். மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ வீட்டுக்கு வருவார். அம்மா வீட்டில் தையல். தம்பி பிறந்த பிறகு அவர் தைக்கிற விதமே தனி. ஏணைத் தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறு நுனியை இடக்கால் பெருவிரலில் சுற்றியிருப்பார். வலக்கால் மெஷினை மிதிக்கும், இடக்கால் பிள்ளையை ஆட்டும். ஒரு முறை வந்தபோது அப்பா அந்தப் பெருவிரலைப் பார்த்தார். கயிறு அறுத்து அறுத்து விரலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு மோதிரம் மாதிரித் தழும்பு விழுந்திருந்தது. அடுத்த முறை ஒரு ஸ்பிரிங்கோடு வந்தார்.

இன்றைக்கு ஸ்பிரிங் ஏணை கடையிலேயே தொங்குகிறது. அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. அப்பா அதைக் கூரைத் தீராந்தி மரத்தில் கொளுவி, கீழே ஏணைச் சேலையைக் கட்டி, தம்பியைக் கிடத்தினார். ரயில் பெட்டியில் பெரிய மனிதர்கள் இருக்கிற ஆசனத்துக்குச் செய்த ஸ்பிரிங் அது. மூன்றரை மாதப் பிள்ளையை அது மதிக்கவே இல்லை. கொஞ்சம் தட்டியதும் படபடவென்று துடித்தது. தம்பி கழுத்து வெட்ட வெட்டக் கத்தினான். பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு மாமி, "உது ஏணையோ, இல்லாட்டிக் காரைநகர் பஸ்ஸோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாலைக்குள் ஒழுங்கை முழுவதும் அது பரவிவிட்டது. அப்பாவின் முகம் செத்துப்போனதை நான் அன்றுதான் முதன்முதலில் கண்டேன். பிழை ஸ்பிரிங்கில் இல்லை, நிறை தெரியாமல் கணக்குப் போட்டதில்தான் என்று அவர் என்னிடம் மட்டும் சொன்னார். அடுத்த நாள் காலை நாங்கள் ரயில் பார்க்கப் போனோம்.

இரண்டு கிழமையில் அப்பா மறுபடி வந்தார். சூட்கேஸ் வழக்கத்தைவிட நன்றாகக் கனத்தது. கொழும்பிலிருந்து என்னவோ வந்திருக்கிறது என்று அம்மா ஆவலாகத் திறந்தார். உள்ளே ஒரு நீள ஸ்பிரிங்கும் இருபத்துநான்கு இரும்பு நட்டுகளும் இருந்தன. ஒவ்வொரு நட்டும் என் கைப்பிடி அளவு, அரை றாத்தல் நிறை. அம்மா சூட்கேஸை மூடிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஸ்பிரிங்கை அப்பா தானே கணக்குப் போட்டுச் செய்வித்திருந்தார். கம்பியின் தடிப்பு எவ்வளவு, சுற்று எத்தனை, சுற்றின் அகலம் எவ்வளவு என்று இரண்டு தாள் நிறைய எழுதியிருந்தார். தொங்கவிட்டு, ஏணைக்குள் நட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தோம். இரண்டு நட்டு வைத்தால் ஓர் அங்குலம் இறங்கியது. நான்கு வைத்தால் இரண்டு அங்குலம். ஒரு றாத்தலுக்கு ஓர் அங்குலம், அணுவும் பிசகவில்லை. பிறகு தம்பியைக் கிடத்தினார். சேலையை விரித்துப் பிடிக்கிற ஏணைக்கம்பு பதினொன்றரை அங்குலம் இறங்கி நின்றது. இரண்டு கிழமையில் அரை றாத்தல் கூடியிருக்கிறான் என்று என் காதுக்குள் சொன்னார். அதற்குப் பிறகு ரயில் நிலையத் தராசு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஏணை ஆடிய அழகை என்னவென்று சொல்ல. யாரோ அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறுதலாக நடப்பது போல இறங்கி ஏறியது. தம்பி காலை உதைத்தால் அந்த உதைப்பிலேயே அது ஆடத் தொடங்கும். ஆட்டவே வேண்டாம். "தன்னைத் தானே ஆட்டிக்கொள்ளுவான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா பெருவிரல் கயிற்றை அவிழ்த்து மெஷின் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். மாமி வந்து பார்த்தார். இந்த முறை தானும் ஒருதரம் ஏணையைத் தட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கொழும்புக்குத் திரும்ப முன் அப்பா எனக்கு ஒரு வேலை தந்தார். பிள்ளை வளர வளர ஸ்பிரிங் இறங்கும். அளவுக்கு மிஞ்சி இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், ஏணை நிலத்தில் முட்டவும் கூடும். ஆகவே சுவரில் தொங்கிய கலண்டருக்குப் பின்னால், ஏணைக்கம்பின் நுனி படுகிற இடத்தில், எட்டுக் கிழமைக்கு எட்டுக் கோடுகள் கீறினார். கிழமைக்குக் கால் றாத்தல், கால் அங்குலம். அவற்றுக்கு மேலே வெறும் ஏணைக்கு ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்புப் பென்சிலில் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் தம்பி உறங்கும்போது கலண்டரைத் தூக்கி அடிமட்டக் கோல் வைத்துப் பார்த்து, போஸ்ட்காட்டில் அவருக்கு எழுத வேண்டும். சிவப்புக் கோட்டை எட்டினால் உடனே எழுத வேண்டும். தீபாவளிக்கு வரும்போது இன்னும் பலமான ஸ்பிரிங் கொண்டு வருவார். கலண்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அம்மா பார்க்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஏதோ நிறுவைக் காரியம் என்று மணந்தாலே அவர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

கோட்டுக்கு மேலே நின்றால் என்ன செய்வது என்று அப்பா சொல்லவில்லை. அப்படியொன்று அவருடைய இரண்டு தாள் கணக்கில் இருக்கவில்லை.

முதல் வெள்ளி கம்பு சரியாகக் கோட்டில் நின்றது. எழுதினேன். அப்பாவிடமிருந்து 'என் உதவி எஞ்சினியருக்கு' என்று தொடங்கிப் பதில் வந்தது. அந்த அட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுப்பதும் வைப்பதுமாக ஒரு கிழமை பெரிய எடுப்பில் திரிந்தேன்.

இரண்டாம் வெள்ளி கம்பு இறங்கியிருக்கவில்லை. மூன்றாம் வெள்ளி முன்பு நின்ற இடத்தைவிட மேலே நின்றது. கோட்டுக்கும் கம்புக்கும் இடையில் அரை அங்குலத்துக்கும் கூட. ஸ்பிரிங் இறுகிவிட்டது என்று நினைத்தேன். கிணற்றுக் கப்பி துருப்பிடித்து இறுகுவதைக் கண்டிருக்கிறேன், அதுபோல இதுவும் இறுகியிருக்கும். ஆக அப்பாவின் கணக்கு இரண்டாம் முறையும் பிழைத்துவிட்டது. மாமிக்குத் தெரிந்தால் ஒழுங்கை முழுவதும் திரும்பவும் சிரிக்கும். அப்பாவின் முகம் திரும்பவும் அப்படிச் செத்துப்போகும். அதை நினைக்கவே எனக்கு அழுகை வந்தது.

மெஷினுக்குக் கீழே நட்டுப் பை கிடந்தது. ஒரு நட்டை எடுத்துத் துணித்துண்டில் சுற்றி, ஏணைச் சேலையின் மடிப்புக்குள், தம்பியின் கால் மாட்டில் செருகினேன். கம்பு அரை அங்குலம் இறங்கியது. இன்னும் கொஞ்சம்தான் மிச்சம், அதைப் பென்சில் கோட்டின் தடிப்பில் சமாளித்துக்கொண்டேன். 'கோட்டில் நிற்கிறது' என்று அப்பாவுக்கு எழுதினேன். பொய் எழுதியதாகவே எனக்குத் தோன்றவில்லை. கோட்டில்தானே நின்றது.

அடுத்த வெள்ளி இன்னொரு நட்டு. அதற்கடுத்த வெள்ளி இன்னொன்று. பிறகு ஒரு கிழமை இரண்டு. கடைசி இரண்டு வெள்ளியும் ஒவ்வொன்று. சேலை மாற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மகள் பொறுப்பு வந்துவிட்டாள் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

அவருக்கு அந்த நாட்களில் எல்லாமே சந்தோஷம். தீபாவளிச் சட்டைகள் கதிரை முழுவதும் குவிந்து கிடந்தன. முன்பெல்லாம் தம்பி பத்து நிமிடத்துக்கு ஒருதரம் வீரிட்டுத் தையலைக் குழப்புவான். இப்போது மத்தியானம் தாண்டியும் உறங்கினான். பசி வந்தால் காலை உதைத்தான், உதைத்ததில் ஏணை ஆடியது, ஆடியதில் கண் செருகிவிட்டான். இதை நான் இப்போது எழுதுகிறேன். அப்போது எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நல்ல பிள்ளை. எழும்பினால் பால் கொடுக்கலாம் என்று அம்மா காத்திருந்தார். உறங்குகிற பிள்ளையை எழுப்புகிற வழக்கம் இல்லை. அவன் குடிக்கக் குடிக்கச் சுரக்க வேண்டிய பாலும் மெல்ல மெல்ல வற்றியது. எழும்பிக் கொஞ்சம் சப்பிவிட்டுத் திரும்பவும் உறங்கினான்.

நாளும் பார்க்கிற கண்ணுக்கு அவன் மெலிவது தெரியவில்லை. வந்து போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கொழுத்தான் என்று சொல்வது எப்படிக் குற்றமோ, மெலிந்தான் என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்வதும் அப்படியே. ஒரே ஒருநாள் மாமி ஏணைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பெடியின்ரை முகம் கொஞ்சம் வாடின மாதிரிக் கிடக்கு" என்றார். அம்மா மெஷினை நிறுத்தாமலே, "வெயில், மாமி" என்றார். மாமி போனதும் மூன்று மிளகாயும் உப்பும் எடுத்துத் தம்பியைச் சுற்றி அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு மாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் காலை அப்பா வந்தார். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, நேரே போய்க் கலண்டரைத் தூக்கினார். எட்டாவது கோட்டில் கம்பு நின்றது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை மாத ரகசியத்தையும் மறந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வந்து பாரும். கோட்டிலை நிக்குது. ஒரு நூல் பிசகேல்லை."

அம்மா வாசலோடு நின்றார். என்ன கோடு என்று கேட்க வாயெடுத்திருப்பார். அதற்குள் அப்பா குனிந்து தம்பியைத் தூக்கினார்.

அந்தக் கணத்தை நான் இன்றும் முழுதாகச் சொல்ல முடியாமல்தான் இருக்கிறேன். பதின்மூன்றரை றாத்தலைத் தூக்கப் போன கை அது. பாரமான வாளி என்று நினைத்து வெறும் வாளியைத் தூக்கினால் கை எப்படி மேலே போகுமோ அப்படித் தம்பி அவர் முகத்துக்கு நேரே எழும்பிப் போனான். அப்பா அப்படியே நின்றார். தம்பியின் கழுத்தில் தோல் மடிந்து கிடந்தது. தொடை என் மணிக்கட்டளவு இருந்தது. நானும் அப்போதுதான் அதைக் கண்டேன். ஒவ்வொரு நாளும் கண்டுகொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

பிறகு அப்பா கம்பைப் பார்த்தார். ஏணை வெறுமையாகிவிட்டது. கம்பு மேல் கோட்டுக்கு எழும்பியிருக்க வேண்டும். அது மூன்றரை அங்குலம் கீழேயே நின்றது. அப்பா ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஏணைக்குள் விட்டுத் தடவினார். சுற்றிய துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் பலகையில் உதறினார். ஏழு நட்டு. இரும்பு பலகையில் படுகிற சத்தம் மட்டும் ஏழு தரம் கேட்டது.

"எப்ப தொடங்கி, பிள்ளை?" என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஸ்பிரிங் இறுகிப் போச்சு, அப்பா. அதுதான் நான்..."

"ஸ்பிரிங் இறுகாது, பிள்ளை. தளரத்தான் செய்யும்."

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கைப்பழக்கத்தில் சுவரிலேயே எழுதிக் கழித்தார். பதின்மூன்றரை. மூன்றரை. பத்து. அம்மா கிட்ட வந்து அந்த எண்ணைப் பார்த்தார். பிள்ளையின் நிறையை அவர் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"பத்தெண்டால்?" என்று கேட்டார்.

"உந்த ஏணையிலை போடேக்கை பதினொண்டரை இருந்தவன்" என்றார் அப்பா.

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். ஊசி இழை கோத்தபடி சட்டை மார்பில் குத்தியிருந்தது. இரண்டு மாதமும் அவர் தம்பியைத் தூக்கக் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூடத்தான் குனிந்திருக்கிறார். நட்டுகள் இல்லாமல் ஏணை மூன்றரை அங்குலம் மேலே நின்றிருந்தால் கண் காணாவிட்டாலும் அவருடைய இடுப்புக்குத் தெரிந்திருக்கும். அதைத் தெரியவிடாமல் செய்தவள் நான். கண்ணுக்குத் தெரியாத பேய்க்கெல்லாம் மிளகாய் சுற்றிய வீட்டில் பிள்ளையின் கால்மாட்டில் இரும்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சந்திக்கு ஆள் அனுப்பிக் கார் பிடித்தார். தம்பியைச் சால்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே நடந்ததை அப்பா எத்தனையோ வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார். பெரிய டொக்டர் தம்பியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை பாலுக்கு அழுகிறதில்லையா என்று அம்மாவைக் கேட்டாராம்.

"இல்லை, டொக்டர். நல்ல பிள்ளை. அழவே மாட்டான்" என்றாராம் அம்மா. இரண்டு மாதமாக எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பெருமை வாயில் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டாராம். இன்னும் நான்கைந்து நாள் போயிருந்தால் கொண்டு வந்தும் பலன் இருந்திருக்காது என்று டொக்டர் சொன்னார்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துச் சங்கால் துளித்துளியாகப் பால் பருக்கித் தம்பியை மீட்டார்கள். தம்பி பிழைத்தான். இன்று ஏறினால் மாடிப்படி முனகுகிற ஆள், வருத்தம் என்று டொக்டரிடம் போனாலும் நிறைதான் முதலில் பேச்சு. அம்மா அந்தத் தீபாவளிக்குப் பிறகு கிழமைக்கொருதரம் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவிச்சியிடம் போனார். எண்ணைக் கேட்டு, வீட்டுக்கு வந்து, அதை என்னிடம் உரத்துச் சொல்லுவார். மாமி காதில் விழட்டும் என்பது போலச் சொல்லுவார். என்னை ஒருநாளும் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் அன்று காலை நடந்த ஒன்றை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கார் வெளிக்கிட்டதும் என்னை மாமியின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். மாமி படலையடியில் நின்று கார் போன திசையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். நான் உள்ளே வந்தேன். ஏணை காலியாகத் தொங்கியது. நட்டுகள் மெஷின் மேல் இருந்தன. கம்பு மேலே எழும்பியிருந்தது. கலண்டரைத் தூக்கி, அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். வெறும் ஏணைக்கு அப்பா கீறிய கோட்டில், ஒரு நூல் அங்காலே இங்காலே இல்லாமல், கம்பு நின்றது. பிறகு இரண்டு நட்டை உள்ளே போட்டேன். ஓர் அங்குலம். நான்கு போட்டேன். இரண்டு அங்குலம்.

ஸ்பிரிங் இறுகவே இல்லை. அப்பா சொன்னது உண்மை. அவர் ஒன்றும் பிழை விடவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒரேயடியாக இறங்கியது. எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. இதை உடனே யாருக்காவது சொல்ல வேண்டும் என்று படலைக்கு ஓடினேன்.

"மாமி, அப்பாவின்ரை கணக்குச் சரி" என்றேன்.

மாமி அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே ஓரடி பின்னால் போனார். அவர் ஏன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.